அட்டையா, டப்பாவா, பொட்டலமா, ஆப்பா? முதியோர் இல்லத்தில் மாத்திரை கொடுக்க எந்த முறை

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் நடுத்தரமான ஒரு முதியோர் இல்லத்தில் 40 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குத் தினம் 8 மாத்திரை. ஒரு நாளைக்கு 320, மாதத்துக்கு 9,600. நூற்றுக்கு 99 சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் மாதம் 96 மாத்திரை தவறிப்போகும்: வேறு ஆளுக்கு, வேறு வேளைக்கு, இரண்டு தடவை, அல்லது கொடுக்கப்படாமலே. எட்டு என்பது மிகைக் கணக்கும் அல்ல. சுகர், பிரஷர், தைராய்டு, கொழுப்பு, ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், வயிற்றுக்கு பான்டோபிரசோல், கால்சியம், தூக்கத்துக்கு ஒன்று என்று எண்ணிப் பாருங்கள், வந்துவிடும்.

இங்கிலாந்தில் 55 இல்லங்களில் 256 பேருடைய மருந்துகளைச் சரிபார்த்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒருவருக்குச் சராசரியாக 8 மருந்து. பத்துப் பேரில் ஏழு பேருக்கு ஏதாவது ஒரு தவறு இருந்தது. எழுதிக் கொடுத்ததில், கடையில் எடுத்துக் கொடுத்ததில், வாயில் போட்டதில், ரத்தப் பரிசோதனை பார்க்காமல் விட்டதில் என எல்லா இடத்திலும் அது பரவிக் கிடந்தது. அங்கே எழுத்துப்பூர்வமான விதிகளும் மேற்பார்வையும் இங்கே இருப்பதைவிட அதிகம் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

‘கவனமாக இருங்கள்’ என்று ஊழியரிடம் தினமும் சொல்வதால் இந்த எண் குறையாது. மாத்திரை கடையிலிருந்து வாய்க்குப் போகும் வழியில் எத்தனை கை மாறுகிறது, எந்தக் கட்டத்தில் அதன் பெயர் காணாமல் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது கூடும், குறையும். ஆகவே இல்லம் நடத்துபவர் முதலில் முடிவு செய்யவேண்டியது எந்த முறையில் கொடுப்பது என்பதை. சென்னையில் நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: வாராந்திர டப்பா, அட்டையிலிருந்து நேராகக் கொடுத்து தாளில் குறிப்பது, மருந்தகமே வேளைவாரியாகக் கட்டித்தரும் பொட்டலம், செல்போன் ஆப்.

வாராந்திர டப்பா

ஏழு நாள், நாளுக்கு நான்கு அறை, மொத்தம் 28 அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா. ஞாயிற்றுக்கிழமை மதியம் நர்ஸ் உட்கார்ந்து எல்லாருக்கும் நிரப்பிவைத்துவிடுவார். வாரம் முழுக்க ஆயாவோ அட்டெண்டரோ அறையைத் திறந்து கையில் கொட்டிக் கொடுத்தால் போதும். படித்த ஆள் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதுமென்பதால் சிறிய இல்லங்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

40 பேருக்கு 28 அறை என்றால் 1,120 அறை. ஒருவருக்குக் கால் மணி நேரம் வீதம் போட்டால் பத்து மணி நேர வேலை. முதல் பத்து டப்பாவில் இருக்கும் கவனம் முப்பதாவது டப்பாவில் இருக்காது. நடுவில் யாராவது கூப்பிடுவார்கள், பார்வையாளர் வருவார். திரும்பி வந்து உட்காரும்போது புதன்கிழமை இரவுக்குப் போட்டாயிற்றா என்று தெரியாது. நேராகக் கொடுக்கும் முறையில் ஒருநாள் தவறு ஒருநாளோடு போகும். டப்பாவில் ஞாயிறன்று செய்த ஒரு தவறு பெரும்பாலும் ஏழு நாளும் தொடரும். வாராவாரம் ஒரே ஒரு மாத்திரை போடவேண்டிய மெத்தோடிரெக்ஸேட்டைத் தினசரி அறைகளில் போட்டுவிட்டால் ஏழு நாளில் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து வரலாம். மூட்டுவாதத்துக்கு அதைச் சாப்பிடும் பாட்டிகள் நிறைய இல்லங்களில் இருக்கிறார்கள்.

இன்னொரு குறை இந்தியாவுக்கே உரியது. மேலை நாடுகளில் பல மாத்திரைகளின் மேல் எழுத்தோ எண்ணோ பொறித்திருக்கும். அட்டையை விட்டு வெளியே வந்த பிறகும் எது எது என்று கண்டுபிடிக்கலாம். நம் கடைகளில் கிடைப்பவற்றில் பல வெறும் வெள்ளை வட்டங்கள். செவ்வாய்க்கிழமை டாக்டர் போனில் ‘பிரஷர் மாத்திரையை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் தொடரட்டும்’ என்றால் டப்பாவில் இருக்கும் ஐந்து வெள்ளை மாத்திரைகளில் அது எது? ஊகித்து எடுப்பார்கள். அல்லது எடுக்காமல் அடுத்த ஞாயிறு வரை ஓட்டுவார்கள். பிரஷர் 90-க்கு இறங்கியிருக்கும் ஒருவருக்கு ஐந்து நாள் அது போய்க்கொண்டே இருக்கும்.

ஈரக்காற்று வேறு. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் ஈரத்தை உறிஞ்சிக் குழையும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் டாபிகாட்ரான் கேப்ஸ்யூல் அசல் பேக்கிலேயே இருந்தாகவேண்டும். அக்டோபர் மழையில் இவற்றை ஏழு நாள் பிளாஸ்டிக் அறையில் போட்டுவைப்பது சரியல்ல. பிரிட்டனில் ராயல் பார்மசூட்டிகல் சொசைட்டியே 2013-ல், இப்படி அறை பிரித்த டப்பாக்களை எல்லாருக்கும் பொதுவாக்காதீர்கள், அசல் பேக்கில் கொடுப்பதே முதல் தேர்வாக இருக்கட்டும் என்று சொன்னது.

டப்பா பொருந்தும் இடம் ஒன்று உண்டு. தன் மாத்திரையைத் தானே பார்த்துச் சாப்பிடக்கூடியவருக்கு அது நல்ல துணை. அட்டையில் உள்ள பெயரைப் படிக்கிறாரா, ஃபாயிலைப் பிதுக்கி எடுக்க விரலில் தெம்பிருக்கிறதா, எந்த மாத்திரை எதற்கு என்று சொல்கிறாரா என்று மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியென்றால் பூட்டும் டிராயர் ஒன்றைக் கொடுத்து டப்பாவை அவரிடமே விட்டுவிடலாம், வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். பூட்டு முக்கியம். பக்கத்துக் கட்டிலில் மறதி நோய் உள்ளவர் இருப்பார்.

அட்டையும் தாளும்

ஒருவருக்கு ஒரு மூடி போட்ட பெட்டி. மேலே போட்டோ, பெயர், இனிஷியல், அறை எண், ஒவ்வாமை. உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் உபயோகத்தில் உள்ள ஒரே ஒரு அட்டை. மீதி ஸ்டாக் அலமாரியில் பூட்டியிருக்கட்டும். பெட்டியில் மூன்று மாதச் சரக்கைத் திணித்தால் பழைய டோஸ் அட்டையும் புதிய டோஸ் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். பெட்டியோடு ஒரு தாள், மாதத்துக்கு ஒன்று, ஒரு வரிக்கு ஒரு மருந்து, குறுக்கே 31 கட்டங்கள்.

தாளை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதிப் பிரச்சினை தீரும். டாக்டர் சீட்டில் 1-0-1 என்றிருக்கும். அது காலையிலும் இரவிலும் என்பது நர்ஸுக்குத் தெரியும், டிபனுக்கு முன்னா பின்னா என்பது அந்த மூன்று எண்ணில் இருக்காது. தாளில் மணியாக மாற்றி எழுதவேண்டும்: காலை 6, காலை 7.45 டிபனுக்கு முன், 8.45 டிபனுக்குப் பின், மதியம் 1.30, இரவு 7.30 முன், 8.30 பின், படுக்கும்போது. மருந்தின் வேதிப் பெயர் பெரிதாக, பிராண்டு பெயர் கீழே சின்னதாக. ‘½’ என்று போடாதீர்கள், ‘அரை மாத்திரை’ என்று எழுத்தில் போடுங்கள், அவசரத்தில் அது 1 அல்லது 12 ஆகத் தெரியும். 5.0 என்று எழுதினால் 50 ஆகிவிடும், வெறும் 5 போதும். தைராக்ஸினுக்கு மைக்ரோகிராம் என்று முழுதாக எழுதுங்கள், மி.கி. அல்ல. மெத்தோடிரெக்ஸேட்டுக்கு மற்ற ஆறு நாள் கட்டத்தையும் மாத ஆரம்பத்திலேயே சிவப்பு மையில் அடித்துவிடுங்கள், அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட இடமே இருக்கக்கூடாது. வாரத்தில் ஐந்து நாள் மட்டும் கொடுக்கச் சொன்ன டைகாக்ஸினுக்கும் அப்படியே இரண்டு நாளை அடித்துவிடலாம்.

கொடுக்கும்போது வரிசை இது. பெட்டியைத் திறந்து தாளையும் திறக்கவேண்டும். ‘பாட்டி, உங்க பேரு சொல்லுங்க’ என்று கேட்கவேண்டும். ‘லட்சுமி பாட்டிதானே?’ என்று கேட்டால் மறதி உள்ளவர் எதற்கும் தலையாட்டுவார். பதில் வராவிட்டால் போட்டோ. அட்டையில் பெயரையும் மில்லிகிராமையும் வாய்விட்டுப் படித்துத் தாளோடு ஒப்பிட்டு, காலாவதித் தேதி பார்த்து, சின்னக் கிண்ணத்தில் பிதுக்கிப் போடவேண்டும், உள்ளங்கையில் அல்ல. நிமிர்ந்து உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்து, கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறாரா என்றும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. பெட்டியை மூடிய பிறகே அடுத்தவர்.

கொடுக்காவிட்டாலும் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. ம என்றால் மறுத்தார், வா என்றால் வாந்தி, ஸ்டா என்றால் ஸ்டாக் இல்லை, ஆ என்றால் ஆஸ்பத்திரியில், நி என்றால் நாடித்துடிப்போ பிரஷரோ பார்த்து நிறுத்தியது. காலிக் கட்டத்தைப் பார்க்கும் இரவு நர்ஸ் ‘காலையில் கொடுக்கவில்லை போலிருக்கிறது’ என்று மறுபடியும் கொடுப்பார். இரட்டை டோஸ் நேர்வதற்கு இது முக்கியமான வழி.

இந்த முறையின் குறை நேரம். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றால் 40 பேருக்கு இரண்டு மணி நேரம். 8.45-க்கு ஆரம்பித்தால் கடைசி ஆளுக்கு 10.45, அதற்குள் மதியச் சுற்று நெருங்கிவிடும். ஆகவே இரண்டு டிராலி, இரண்டு பேர், ஆளுக்கு 20 பெட்டி. சென்னையில் பல இல்லங்களில் ஷிப்ட் காலை 8 முதல் இரவு 8 வரை. மாத்திரை நெரிசல் மிகுந்த நேரமும் அதே எட்டு மணிதான். போகிறவர் பாதி கொடுத்திருப்பார், வருகிறவர் எங்கிருந்து தொடர்வது என்று தெரியாமல் நிற்பார். ஷிப்டை 7-க்கு மாற்றுங்கள். முடியாவிட்டால், சுற்றை ஆரம்பித்தவரே முடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று விதி வையுங்கள். செலவில்லாத மாற்றங்களில் இவ்வளவு பலன் தருவது வேறு கிடையாது என்பது எங்கள் கணிப்பு.

கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும் பழக்கம் இந்த முறைக்குப் பெரிய எதிரி. ஆறு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டையின் ஒரு முனையில் மட்டும் இருக்கும், அது கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாகவே வாங்கவேண்டும். இல்லத்திலும் தேதி இல்லாத முனையிலிருந்து பிதுக்கிக்கொண்டே வரவேண்டும்.

ஒத்த பெயர்களுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். டெல்மா 40, டெல்மா-எச், டெல்மா-ஏஎம் மூன்றும் வேறு வேறு. ஒன்றில் டெல்மிசார்ட்டான் மட்டும், ஒன்றில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்தது, ஒன்றில் ஆம்லோடிபின் சேர்ந்தது. கிளைகோமெட் ஜிபி-1, ஜிபி-2 இரண்டுக்கும் கிளிமெபிரைட் அளவு இரட்டிப்பு வித்தியாசம். எக்கோஸ்பிரின் என்றும் எக்கோஸ்பிரின்-ஏவி என்றும் இருக்கும், பின்னதில் கொழுப்பு மாத்திரையும் உண்டு. ஒரே இல்லத்தில் இரண்டு ஜானகி, மூன்று கிருஷ்ணமூர்த்தி இருப்பது போலத்தான் இதுவும். ஆட்பெயருக்கு இனிஷியலும் அறை எண்ணும் போல, மருந்துப் பெயருக்கு வால் எழுத்தை வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

மருந்தகப் பொட்டலம்

காலை 8.45-க்கு உள்ள மாத்திரைகள் எல்லாம் ஒரே உறையில், மேலே பெயர், தேதி, வேளை, உள்ளே இருப்பவற்றின் பட்டியல் அச்சடித்து, வாரத்துக்கோ பதினைந்து நாளுக்கோ வந்துவிடும். கட்டுபவர் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் என்பதால் நிரப்புவதில் தவறு டப்பாவைவிடக் குறையும். சுற்று நேரம் ஒருவருக்கு ஒரு நிமிடம்தான். அறுபது எழுபது பேர் உள்ள இல்லத்துக்கு ஆசை காட்டும் ஏற்பாடு.

ஆனால் எதையெல்லாம் பொட்டலத்தில் போட முடியாது என்று பாருங்கள். இன்சுலின், சிரப், இன்ஹேலர், கண் சொட்டு மருந்து, நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட், தேவைப்பட்டால் மட்டும் கொடுப்பவை, வாரம் ஒருமுறை உள்ளவை, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து அடிக்கடி டோஸ் மாறும் அசிட்ரோம். இவற்றுக்கு எப்படியும் பெட்டியும் தாளும் வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு முறை ஒருங்கே ஓடினால் பொட்டலத்தைக் கொடுத்ததும் வேலை முடிந்ததாக மனது முடிவு செய்துவிடும், வெளியே இருப்பவை மறந்துபோகும். மேலே சொன்ன 55 இல்லங்களில் கொடுக்கும் தவறுகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, முன்கூட்டியே கட்டிவந்த மாத்திரைகளைவிட இன்ஹேலரிலும் திரவ மருந்திலும் தவறு பல மடங்கு அதிகமாக இருந்தது. பொட்டலம் எளிய மாத்திரைகளைத்தான் இன்னும் எளிதாக்குகிறது, கஷ்டமானவை அப்படியே மிஞ்சி நிற்கின்றன.

மாற்றமும் சிக்கல். சனிக்கிழமை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வருபவருக்குப் புதுப் பட்டியல் கையில் இருக்கும், பழைய பட்டியலின் பத்து நாள் பொட்டலம் அலமாரியில் இருக்கும். மருந்தகம் திங்கட்கிழமைதான் மாற்றித் தரும் என்றால் நடுவில் யாரோ ஒருவர் உறையைக் கிழித்து ‘இதை எடுத்துவிட்டு அதைப் போடு’ வேலையில் இறங்குவார். வெள்ளை வட்ட மாத்திரைச் சிக்கல் மறுபடி வந்துவிடும். ஆகவே ஒப்பந்தம் பேசும்போது விலைக்கு முன்னால் கேட்கவேண்டியது: வார நடுவில் டோஸ் மாறினால் எத்தனை மணி நேரத்தில் புதுப் பொட்டலம் வரும்? 24 மணிக்குள் என்று எழுதித் தராவிட்டால் வேண்டாம். மூன்று மாதமாக மருந்து மாறாதவர்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வது நியாயமான நடுவழி.

ஆப்

நேரம் வந்தால் மணியடிக்கும், விட்டுப்போனால் சிவப்பாகக் காட்டும், அமெரிக்காவில் இருக்கும் மகனும் பார்க்கலாம். கையெழுத்துப் புரியாத பிரச்சினை இல்லை. நல்லதுதான். ஆனால் நான்கு நர்ஸுக்கு ஒரே லாகின் இருந்தால் யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரேயடியாக ‘கொடுத்தாயிற்று’ என்று தட்டிவிட்டு டிராலியைத் தள்ளுவதைத் திரை தடுக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கரண்டும் டவரும் இல்லாமல் நாட்கள் போயின, அப்போது ஆப்பில் மட்டும் இருந்த பட்டியல் யாருக்கும் உதவியிருக்காது. வைத்துக்கொள்வதானால் தினம் இரவு அடுத்த நாள் பட்டியலை அச்செடுத்து டிராலியில் வையுங்கள். தாள் முறையை ஆறு மாதம் ஒழுங்காக நடத்தி முடித்த இல்லம் ஆப்புக்குப் போகலாம். தாளையே பொய்யாக நிரப்பும் இல்லம் ஆப்பிலும் அதையே செய்யும்.

எந்த முறையும் காப்பாற்றாதவை

இன்சுலினை நான்கு வழியில் எதுவும் காப்பாற்றாது. இங்கே கடையில் கிடைக்கும் வயல்களில் (இன்சுலின் குப்பிகளில்) பல ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளவை. இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100. சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 யூனிட் வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குப் போவது 8 யூனிட்தான். பேனா கெட்டுப்போய், கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போகும், இரவில் ஆளே போய்விடலாம். 40 யூனிட் வயல் உள்ள பெட்டியில் சிவப்பு மூடியைத் தவிர வேறு சிரிஞ்சு இருக்கவே கூடாது. திறந்த வயலின் மேல் திறந்த தேதியை எழுதி, 28 நாளில் தூக்கிப்போடவேண்டும். பல இன்சுலின்கள் திறந்த பிறகு 30 டிகிரிக்குள் வெளியே இருக்கலாம், ஆனால் மே மாதச் சென்னை 40 டிகிரி தொடும், ஃபிரிட்ஜ்தான் பாதுகாப்பு. ஃப்ரீசர் பக்கம் வேண்டாம், உறைந்த இன்சுலின் கெட்டது.

கிளிமெபிரைட் போன்ற சுகர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு டிபன் அரை மணி தாமதமானால் சுகர் இறங்கிவிடலாம். தட்டு மேசைக்கு வந்த பிறகு கொடுங்கள். ஏகாதசி, அமாவாசை, கிருத்திகை என்று விரதம் இருப்பவர் பட்டியலை முன்னாளே டிராலியில் ஒட்டி, அன்று அந்த மாத்திரைக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். சுகர் 70-க்குக் கீழே போனால், நினைவோடு இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்கவேண்டும். இந்த வகை மாத்திரையால் இறங்கிய சுகர் ஏறிவிட்டாலும் மறுபடி இறங்கலாம், ஒரு நாள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108.

தைராய்டு மாத்திரையை ஃபில்டர் காபியோடு கொடுப்பது நம் ஊர் பழக்கம். வெறும் வயிற்றில், தண்ணீரில், காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்னால். கால்சியமும் இரும்புச்சத்தும் அதற்கு நான்கு மணி தள்ளி. ஆகவே காலை 6 மணிச் சுற்று தனி, அதை இரவு ஷிப்ட்காரர் முடிப்பார். பார்க்கின்ஸன் நோய்க்கான சிண்டோபா அரை மணிக்கு மேல் பிந்தினால் கை கால் கட்டிப்போகும். அந்த ஆட்களுக்குச் சுற்று வரும்வரை காத்திருக்காமல் தனி அலாரம் வையுங்கள்.

விழுங்க முடியாதவருக்கு மாத்திரையைப் பொடித்துத் தயிர்சாதத்தில் கலக்கும் முன், பொடிக்கலாமா என்று கேளுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்எல் என்றிருப்பவற்றைப் பொடித்தால் நாள் முழுக்க மெதுவாகப் போகவேண்டியது ஒரேயடியாகப் போகும். பான்டோபிரசோலைப் பொடித்தால் வயிற்று அமிலத்தில் அழிந்து பயனில்லாமல் போகும். இதே மருந்து சிரப்பாகவோ கரையும் மாத்திரையாகவோ கிடைக்கலாம். ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மறைப்பது தனி விஷயம், டாக்டரும் குடும்பமும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் ஊழியர் முடிவெடுக்கும் காரியம் அல்ல அது.

மருந்து எங்கிருந்து வருகிறது

முறை எதுவானாலும் சரக்கு நான்கு இடத்திலிருந்து வந்தால் கெடும். அம்பத்தூர் மகன் ஒரு கடையில், பெங்களூரு மகள் வேறு பிராண்டில், வீடு தேடி வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பிரஷர் மாத்திரை முன்பே கைப்பையில். ஒரே ஆம்லோடிபின் மூன்று பெயரில் பெட்டிக்குள் சேரும். வேதிப் பெயரில் தாள் எழுதினால் இது வெளியே தெரிந்துவிடும். அப்போது ஜன் அவுஷதியிலோ முதல்வர் மருந்தகத்திலோ மலிவாக வாங்குவதிலும் குழப்பம் வராது. ஒரே கடையில் மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்குவது நல்லது. குடும்பம்தான் வாங்கித் தரும் என்றால், வந்ததும் தாளோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே விடவேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாள் மிக ஆபத்தான நாள். டிஸ்சார்ஜ் சம்மரியில் குளோபிடாப்-ஏ என்று எழுதியிருப்பார்கள், அதில் ஆஸ்பிரினும் உண்டு. பழைய எக்கோஸ்பிரினும் பெட்டியிலேயே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போகலாம். ஆகவே முதல் வேளைக்கு முன்பே பழைய பெட்டியை முழுவதும் காலி செய்து, பழைய தாளைக் குறுக்கே அடித்து, சம்மரியைப் பார்த்துப் புதுத் தாள் எழுதி, பழைய பட்டியலில் இருந்து விடுபட்ட ஒவ்வொன்றுக்கும் ‘நிறுத்தியதா, மறந்ததா’ என்று டாக்டரைக் கேட்கவேண்டும். எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் டாக்டரிடம் வைத்து, எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள். கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்கும், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையின் முதியோர் பிரிவுக்கும் தாளை எடுத்துக்கொண்டு போகலாம். எட்டு ஆறானால் 40 பேர் இல்லத்தில் மாதம் 2,400 மாத்திரை குறையும், அவ்வளவு தவறு வாய்ப்பும் குறையும். அல்பிரசோலாம் போன்ற தூக்க மாத்திரைதான் முதலில் பேசவேண்டியது. இரவில் விழுந்து இடுப்பு உடைவதில் அதற்குப் பங்குண்டு. திடீரென்று நிறுத்தாமல் மெல்லக் குறைக்கவேண்டும்.

எங்கள் தேர்வு

60 பேர் வரை உள்ள இல்லத்துக்கு அட்டையும் தாளும். மாத்திரை அதன் ஃபாயிலை விட்டு வெளியே வருவது அதை விழுங்கப்போகிறவர் முன்னால்தான் என்ற ஒரே விதியை டப்பாவும் பொட்டலமும் மீறுகின்றன, ஆப் அதை உறுதி செய்வதில்லை. 60-க்கு மேல், சொந்தமாக மருந்தாளுநர் இல்லாத நிலையில், மாறாத மருந்து உள்ளவர்களுக்குப் பொட்டலம், மற்றவர்களுக்குப் பெட்டி. டப்பா தானே சாப்பிடுகிறவர்களுக்கு. ஆளில்லை என்ற காரணத்துக்காக 40 பேருக்கும் டப்பா வைப்பதைவிட, காலைச் சுற்றுக்கு மட்டும் மூன்று மணி நேரப் பகுதி நேர நர்ஸ் ஒருவரைச் சேர்ப்பது நல்லது.

மாற்றும்போது ஒரே நாளில் 40 பேரையும் மாற்றாதீர்கள். முதல் வாரம் பத்துப் பேர், அதிலும் இன்சுலின் இல்லாதவர்கள். ஒவ்வொரு ஞாயிறு இரவும் யாராவது ஐந்து பெட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள்: 30 மாத்திரையோடு தொடங்கி 12 நாள் ஆகியிருந்தால், தினம் ஒன்று வீதம் 18 மீதி இருக்கவேண்டும். 20 இருந்தால் கையெழுத்து இருக்கிறது, மாத்திரை போகவில்லை. அந்த இரண்டுக்காக யாரையும் வேலையை விட்டு எடுக்காதீர்கள், அடுத்த தடவை மறைப்பார்கள். எந்த வேளையில், ஏன் என்று மட்டும் கேளுங்கள்.

அப்பா அம்மாவைச் சேர்க்க இல்லம் பார்த்து வருகிறவர்கள், மாடியில் லிஃப்ட் இருக்கிறதா, ஏசி இருக்கிறதா என்பதோடு போன மாத மருந்துத் தாள் ஒன்றையும் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். முப்பது நாளும் எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனாவில் ஒரே மாதிரி கையெழுத்து, ஒரு ‘ம’ கூட இல்லை, ஒரு ‘ஸ்டா’ கூட இல்லை என்றால், அந்தத் தாள் மாதக் கடைசியில் ஒரே உட்காரலில் நிரப்பப்பட்டிருக்கிறது.